ஹானாப் பேச்சில் ஒரு நிக்கலஸ்

சனிக்கிழமை காலை கோப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது ஏவா தொலைபேசியில் அழைத்தாள். யோசேப்பு அண்ணையின் மகள், மொன்றியலில் வளர்ந்த பிள்ளை. என்னோடு எப்போதும் பிரெஞ்சில்தான் கதைப்பாள். அன்றும் அப்படித்தான் தொடங்கினாள். அப்பா விடியற்காலையில் நித்திரையிலேயே போய்விட்டார், வலி ஒன்றும் இருக்கவில்லை, அம்மா பக்கத்தில்தான் இருந்தார் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தவள் திடீரென்று நிறுத்தினாள். பிறகு தகப்பனுடைய ஊர்ப் பேச்சில் இரண்டு வசனம் சொன்னாள். எனக்கு அந்த மொழி விளங்காது. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் யோசேப்பு அண்ணையுடையது. அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யோசேப்பு அண்ணை தமிழர் அல்லர். செக் நாட்டுக்காரர். கடவுச்சீட்டில் இருந்த பெயர் யோசெஃப். மட்டக்களப்பில் புளியந்தீவுக் கத்தோலிக்கக் கோயிற்பற்றில் பிறந்து வளர்ந்த என்னால் ஒரு யோசெஃபை யோசேப்பு என்றல்லாமல் வேறு எப்படிக் கூப்பிட முடியும்? என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்; அதனால் அண்ணையும் சேர்ந்துகொண்டது. என் பெயர் அந்தோனிப்பிள்ளை. அது அவர் வாயில் டொனீக் ஆகிவிட்டது. அவர்கள் ஊரில் அந்தோனிமாரைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்த ஒரு பெரிய பாண் தொழிற்சாலையில் எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. நான் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் சில வருடங்களுக்கு முன்பே மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த ஏவாவையும் கூட்டிக்கொண்டு யூகோஸ்லாவியாவுக்கு விடுமுறைச் சுற்றுலா போவதாகச் சொல்லிக் கிளம்பி, அங்கிருந்து ஒஸ்திரியாவுக்கு நழுவி, அகதி முகாமில் இருந்து இங்கே வந்து சேர்ந்தவர். இருவருக்கும் பொதுவான மொழி பிரெஞ்சு. அவருடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தன.

ஒரு நாள் மாவு பிசையும் இயந்திரம் சிக்கிக்கொண்டது. நான் அதைத் தட்டிக்கொண்டே என்பாட்டில் திட்டினேன். சற்று நேரத்தில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவன் வந்து என்ன பிரச்சினை என்று கேட்க, அவனுக்குப் பதில் சொன்னேன். இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த யோசேப்பு அண்ணை சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தார். "டொனீக், உன்னிடம் இரண்டு தமிழ் இருக்கிறது. ஒன்று இயந்திரத்துக்கு, ஒன்று அவனுக்கு. ஏன்?" என்று கேட்டார்.

தமிழில் ஒரு சொல்லும் தெரியாத மனிதர் இதை எப்படிப் பிடித்தார் என்று திகைத்துப்போனேன். உண்மைதான். அந்தக் காலத்தில் மொன்றியல் தமிழரில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே வீட்டில் இருந்தோம். நான் 'மறுகா' என்றால் வீடு முழுக்கச் சிரிக்கும். பிறகு என்பதற்கு அவர்கள் 'பேந்து' என்பார்கள், நாங்கள் 'மறுகா' என்போம். பகிடிக்குத்தான் சிரித்தார்கள், நல்ல பிள்ளைகள். ஆனாலும் நாளடைவில் நானும் பேந்துக்கு மாறிவிட்டேன். என் சொந்தத் தமிழைப் பதில் சொல்லத் தெரியாத இயந்திரங்களிடம் மட்டும் வைத்துக்கொண்டேன். இதைச் சொன்னதும் யோசேப்பு அண்ணைக்கு வாயெல்லாம் பல். தன்னைப் போல் இன்னொரு ஆளைக் கண்ட சந்தோசம் அது.

அவருடைய ஊர் செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில், ஹானா என்ற சமவெளியில் இருக்கிறது. பார்லி விளையும் கொழுத்த மண் என்பார். தகப்பன் அங்கே ஒரு மாவு மில்லில் வேலை செய்தவர். மில் என்பதற்குப் புத்தகத்தில் 'ம்லீன்' என்று எழுதுவார்களாம். பிராக் நகரத்தில் அதையே 'ம்லெய்ன்' என்பார்கள். ஹானாவில் 'ம்லேன்'. மூன்றையும் அவர் ஒரு கைப்பிடி மாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லிக்காட்டினார். மூன்றும் ஒன்றுதானே என்றேன் நான். "அதைப் போய் என் மனைவியிடம் சொல்" என்றார்.

மனைவி ஸ்தெங்கா அக்கா பிராக்கில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பிறகு அண்ணை தயவில் வில்லரேயில் அவர்கள் வீட்டுக்கு மேல்மாடி எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் கீழ்வீட்டுச் சண்டை காதில் விழும். சண்டை முழுவதும் சொற்களைப் பற்றித்தான். விளக்கைப் போடு என்பதற்கு அவருக்கு ஒரு சொல், அக்காவுக்கு வேறு சொல். அண்ணை தன் சொல்லில் கேட்டால் அக்கா காது கேளாதவர்போல் இருப்பார். அண்ணையும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒரு மாலை நான் போனபோது அவர் இருட்டில் இருந்து முட்டைக்கோசு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று அக்காதான் தங்கள் மொழியின் கதையைச் சொன்னார். நூற்றாண்டுகளுக்கு முன் அவர்கள் அரசு ஒரு போரில் வீழ்ந்தது. பிறகு மெல்ல மெல்ல நகரங்களும் அலுவலகங்களும் ஜெர்மனுக்குப் போய்விட, செக் மொழி வயலிலும் சமையலறையிலும் தங்கிவிட்டது. வெகுகாலம் கழித்து அதை மீண்டும் எழுத்து மொழியாக உயர்த்த நினைத்த அறிஞர்கள், அன்றைக்குச் சனங்கள் எப்படிப் பேசினார்கள் என்று பார்க்கவில்லை. இருநூறு வருடப் பழைய நூல்களின் மொழியைத் தூசி தட்டி எடுத்து இலக்கணம் வகுத்தார்கள். அதற்குள் சனங்களின் வாய் வெகுதூரம் போயிருந்தது. ஆகவே செக் பிள்ளைகள் வீட்டில் ஒன்று பேசி, பள்ளியில் ஒன்று எழுதுகிறார்கள் என்றார். எங்கள் வீட்டிலும் இதே கதைதான் அக்கா, ஆனால் எங்களுக்கு இன்னும் பழைய தூசி என்றேன். அண்ணை இருட்டில் இருந்து சிரித்தார். அப்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: "புத்தகத்தை விட்டுப் பிராக் ஆட்கள் விலகினால் அது பேச்சு, டொனீக். நாங்கள் விலகினால் அது பகிடி."

அந்தப் பகிடியை அவரே பல வருடம் சுமந்தார். டிசம்பர் தொடக்கத்தில் புனித நிக்கலஸ் திருநாளுக்கு முந்திய மாலை செக் பிள்ளைகளைப் பார்க்க மூன்று பேர் வருவார்கள். ஆயர் உடையில் நிக்கலஸ், வெள்ளை உடையில் சிறகு வைத்த சம்மனசு, சங்கிலியும் சாக்குமாக ஒரு பிசாசு. பிள்ளை ஒரு பாட்டோ கவிதையோ சொல்ல வேண்டும். நல்ல பிள்ளைக்கு நிக்கலஸ் அப்பிளும் இனிப்பும் கொடுப்பார். குழப்படிப் பிள்ளைக்குப் பிசாசு கரியும் உருளைக்கிழங்கும் கொடுக்கும். மொன்றியலில் செக் சங்கத்தார் இதை ஒரு கோயில் மண்டபத்தில் நடத்தினார்கள். நிக்கலஸ் எப்போதும் காரெல் என்ற பிராக் பொறியியலாளர். வெண்கலக் குரல், சுத்தமான புத்தகச் செக். பிசாசு எப்போதும் யோசேப்பு அண்ணை. ஹானாப் பேச்சைக் கேட்டாலே மண்டபம் சிரிக்கும் என்பதுதான் காரணம். அவருக்கும் ஆட்களைச் சிரிக்க வைப்பதென்றால் உயிர். முகமூடியைப் போட்டுக்கொண்டு மேசை மேசையாகத் தாவுவார்.

ஏவாவுக்கு ஐந்து வயதான வருடம் பிசாசு அவள் கையிலும் ஒரு உருளைக்கிழங்கை வைத்தது. புத்தகத்தில் அதற்கு 'பிரம்போர்' என்று பெயர். பிசாசு ஊர் வழக்கத்தில் 'ஸெமாக்' என்றது; மண்ணில் விளைவது என்று பொருள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஏவா சிரிக்கவில்லை. அவள் வீட்டில் ஒரேயொருவர்தான் அதை ஸெமாக் என்பவர். வீட்டுக்குப் போய்த் தாயிடம் பிரெஞ்சில் கேட்டாளாம், அப்பா நரகத்தில் இருந்தா வந்தவர் என்று. ஸ்தெங்கா அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை.

அடுத்த நாளில் இருந்து அவள் தகப்பனோடு அந்தப் பேச்சில் பேசுவதை விட்டுவிட்டாள். அவர் கேட்பதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில். அதுவும் பள்ளிக்கூடத்துக் கியூபெக் பிரெஞ்சு, விறுவிறு என்று போகும். பாண் தொழிற்சாலைப் பிரெஞ்சோடு அவரால் பின்னால் ஓட முடியவில்லை. ஒரு வருடம் இப்படியே போயிற்று. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து, தன் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று மனைவியைக் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். அந்தச் சிரித்த முகம் அப்படி வாடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த டிசம்பர் நெருங்கியபோது அவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, இந்த முறை தான் நிக்கலஸாக வர விரும்புவதாகக் கேட்டார். காரெல் கெட்ட மனிதர் அல்லர். மிகவும் மரியாதையாகத்தான் மறுத்தார். அண்ணை வந்து சொன்னதை வைத்து அவர் பேசும் செக்கைத் தமிழில் போட்டால் இப்படித்தான் இருக்கும்: "அன்பரே, ஆயர் பெருமகனார் ஹானாவின் மொழியில் உரையாடினால் குழந்தைகள் நகைப்பார்களே!" கூட்டமே நகைத்தது. அண்ணையும் பழக்கதோசத்தில் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். காரணத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

திருநாள் மாலையில் நானும் அவரோடு பின்னல் பாண் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். போனால் காரெல் அங்கியும் தொப்பியும் தாடியுமாகத் தயாராக நிற்கிறார், குரல் இல்லை. தடிமன் பிடித்துத் தொண்டை அடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. உள்ளே பிள்ளைகள் தரையை உதைத்துக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நிக்கலஸின் பேச்சு முழுவதும் தெரிந்த வேறு ஆள் அங்கே ஒருவர்தான். வருடா வருடம் பக்கத்தில் சங்கிலியோடு நின்று கேட்டவர். காரெல் அங்கியையும் தொப்பியையும் தாடியையும் கழற்றி அவரிடம் கொடுத்தார்.

அப்படியானால் பிசாசு யார்? யோசேப்பு அண்ணை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குச் செக் தெரியாது என்றேன். "பிசாசுக்கு எதற்குச் செக்?" என்றார். "அந்த இயந்திரத்தோடு பேசுவாயே, அதையே பேசு."

ஆட்டுத்தோல் மேலங்கி முழங்காலைத் தாண்டித் தொங்கியது. முகமூடிக்குள் மூச்சு முட்டியது. உள்ளே நுழைந்து, அத்தனை சின்னக் கண்களும் என்மேல் விழுந்ததும், கூச்சத்தில் யாழ்ப்பாணத் தமிழும் வரவில்லை, ஒரு தமிழும் வரவில்லை. முன்வரிசையில் ஒரு பொடியன் என் வாலைப் பிடித்து இழுத்தான். அவ்வளவுதான், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"டேய் மனே, ஆர்ரா இஞ்ச குழப்படி? கிறுகிப் பாரடா! சாக்குக்குள்ள போட்டுக் கட்டிக்கொண்டு போயிருவன். மறுகா அழப்படாது!"

பிள்ளைகள் அலறிக்கொண்டு மேசைகளுக்குக் கீழே போய்விட்டார்கள். பெற்றோர் கைதட்டினார்கள். ஊரை விட்டு வந்த பிறகு என் சொந்தத் தமிழை நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அப்படியொரு ஆனந்தம். தேவைக்கு அதிகமாகவே நாலு பேரைச் சாக்கைக் காட்டி விரட்டினேன்.

பிறகு நிக்கலஸ் வந்தார். காரெலின் வசனங்களைப் புத்தகச் செக்கில் பிசகில்லாமல் சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க் கவிதை சொல்லி அப்பிள் வாங்கினார்கள். ஏவாவின் முறை வந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் அதே புத்தகச் செக்கில் கேட்டார், பதில் இல்லை. திரும்பவும் கேட்டார். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் காத்திருந்தார்கள்.

அப்போது அவர் செங்கோலை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் முன்னால் குந்தினார். அடுத்துப் பேசியது ஹானாப் பேச்சில். எனக்கு அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஸ்தெங்கா அக்காதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். அதை நான் மட்டக்களப்புத் தமிழில்தான் தருவேன். அதுதான் நியாயம்.

"என்ன மகள், வாய் திறக்கமாட்டியா? குளிருக்குள்ள இவ்வளவு தூரம் வந்த கிழவன் நான். ஒரு பாட்டு இல்லையா?"

ஏவா நிமிர்ந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு அதே பேச்சில், ஒரு வருடமாக அவள் வாயில் வராத பேச்சில், கேட்டாள்.

"நீங்களும் எங்கட அப்பாட ஊரா?"

"ஓம் மகள். அவங்கட மில்லுக்குப் பக்கத்து வீடுதான்."

"அப்ப அப்பா பசாசிட ஆள் இல்லையா?"

"பசாசு என்ன பாசை பறையுது எண்டு நீ இப்ப கேட்டாய்தானே. அது அப்பாட பாசையா?"

அவள் கிறுகி என்னைப் பார்த்தாள். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். "இல்ல" என்றாள். பிறகு பாட்டைச் சொன்னாள், தகப்பன் சொல்லிக்கொடுத்த ஊர்ப் பாட்டு, முழுவதும். மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. காரெல் கதவடியில் நின்று தன் குளிர்த் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் ஓடிப்போய்த் தகப்பனிடம் நிக்கலஸ் அவருடைய ஊர்தான் என்று ஹானாப் பேச்சில் சொல்லியிருக்கிறாள். அவர் ஆச்சரியப்பட்டு, யார் வீட்டுப் பிள்ளை, என்ன பெயர் என்றெல்லாம் விசாரித்தாராம். திங்கட்கிழமை பஸ்ஸில் இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். அதன் பிறகு பிள்ளை வாய் மூடவில்லை என்று அவரே சில வருடம் கழித்து முறைப்பாடு செய்தார்.

சங்கத்திலும் வழக்கம் மாறிற்று. அடுத்த வருடம் காரெலே முன்மொழிந்தார், நிக்கலஸ் முறை வைத்து வரட்டும் என்று. ஒரு வருடம் பிராக், ஒரு வருடம் ஹானா, ஒரு வருடம் போலந்து எல்லைப் பக்கத்து ஆள் ஒருவர். பாதிப் பெற்றோருக்கே அவர் பேசியது விளங்கவில்லை என்று கேள்வி. பிசாசு மட்டும் மாறவில்லை. என் முழங்கால் இடம் கொடுத்த வரைக்கும் நான்தான். மொன்றியலில் ஒரு தலைமுறைச் செக் பிள்ளைகள் நரகத்தின் மொழி தமிழ் என்று நம்பி வளர்ந்தார்கள். யோசேப்பு அண்ணை இதற்காக என்னிடம் அடிக்கடி மன்னிப்புக் கேட்பார். மட்டக்களப்புத் தமிழ்தான் மாட்டிக்கொண்டது, யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு பழியும் இல்லை, கவலைப்படாதீர்கள் என்பேன்.

எல்லைகள் திறந்த பிறகு அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வந்தார். அங்கே இளம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் வருவதுபோல் பேசினார்களாம். கனடாவில் வளர்ந்த ஏவா வாயைத் திறந்ததும் தெருவில் ஆட்கள் நின்று கேட்டார்களாம், இது எங்கள் பழைய ஆட்கள் பேசும் பேச்சல்லவா என்று. இதை அவர் எனக்குக் குறைந்தது முப்பது தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் கேட்கிற ஆட்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

நான் பிறகு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வீடு மாறிப் போனேன். அவர் வில்லரேயிலேயே இருந்தார். மாதத்துக்கு ஒருமுறையாவது போவேன். கடைசியாகப் போனபோது பின்னேரமாகிவிட்டது. அவர் விளக்கைப் போடச் சொல்லித் தன் சொல்லில் கேட்டார். ஸ்தெங்கா அக்கா மறுபேச்சில்லாமல் எழுந்து போட்டார். அண்ணை என்னைப் பார்த்துக் கண் சிமிட்டி, "நாற்பது வருடம் எடுத்தது" என்றார்.

அடக்கத்துக்கு முதல் நாள் ஏவாவிடம் கேட்டேன், அன்றைக்கு நிக்கலஸ் அப்பாதான் என்று எப்போது தெரிந்தது என்று. அடுத்த கோடையிலேயே தெரியும் என்றாள். நான் மேல்மாடிப் படிக்கட்டில் நின்று என் சைக்கிளைத் திட்டிக்கொண்டிருந்தேனாம். பிசாசின் குரல் மேல்வீட்டில் இருந்து வந்தால், நிக்கலஸ் எந்த வீட்டில் இருப்பார் என்று யோசிக்க அவளுக்கு வெகு நேரம் எடுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். "அப்பா அந்த ஊர்க்காரரைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிடுவாரே" என்றாள்.

கோயில் நிறைய ஆட்கள். நரை விழத் தொடங்கிய ஆண்களும் பெண்களும், ஒரு காலத்தில் மேசைக்குக் கீழே ஒளிந்தவர்கள். ஏவா தகப்பனுக்கான உரையை எழுதி வரவில்லை. ஹானாவில் தொடங்கி ஹானாவிலேயே முடித்தாள். அவளுடைய ஆறு வயது மகன் பூக்களுக்கு நடுவே ஒரு உருளைக்கிழங்கைக் கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஸெமாக்" என்றான். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

பிறகு ஏவா என்னைக் கூப்பிட்டாள். எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் கொடுத்த இடத்தில் நான் மீட்டெடுத்த தமிழில் சொன்னேன்.

"யோசேப்பு அண்ணை, வழியில ஆரும் உங்கட பேச்சைக் கேட்டுச் சிரிச்சா இந்தப் பசாசிட பேரைச் சொல்லுங்க. இப்ப போயிட்டு வாங்க. மறுகா காணுவம்."